கொட்டிவாக்கம் தாண்டி வந்த காற்று

மே மாத மதியத்தில் மொசைக் தரையில் கன்னத்தை ஒட்டிவைத்துப் படுத்தால் முதலில் கொஞ்சம் சில்லென்று இருக்கும். சற்று நேரத்தில் அந்த இடம் நம் சூட்டையே வாங்கி நமக்கே திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும், உடனே பக்கத்து இடத்துக்கு நகர வேண்டும். இப்படி நகர்ந்து நகர்ந்து, சமையலறை வாசலில் தொடங்கி அம்மாவின் கட்டில் காலடிக்கு வந்து சேருவதற்குள் கூடத்தில் தொலைபேசி மணி அடிக்கும். இரண்டு முறை அடித்து நின்றுவிடும். யாரும் எழுந்து ஓட மாட்டோம், எடுத்துப் பேசுவதற்காக அடித்த மணி இல்லை அது. கட்டிலில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கும் அம்மா கண்ணைத் திறக்காமலே சொல்வாள்: “கொட்டிவாக்கத்துக்கு வந்துடுச்சு.”

அம்மா சொன்னது கடல் காற்றை. பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்குச் செருப்பில்லாமல் நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தார். கோடையில் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அவர் வீட்டு வாசல் திரை உள்பக்கமாக உப்பினதும், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எங்கள் எண்ணைச் சுழற்றி, இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார். நாங்கள் இருந்தது கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து போகும் தெரு ஒன்றில். கடலிலிருந்து கிளம்பின காற்று அங்கே வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் சாயங்காலம் ஆகிவிடும். சில நாள் மேடவாக்கம் வரைக்கும் வந்து அப்படியே நின்றுபோகும். அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டில் அடைந்து கிடந்த அந்த ஒரு கோடையில் எனக்கு வெயிலை விடக் காற்றின் மேல்தான் கோபம் அதிகம். வெயில் சொன்னபடி வந்தது, காற்று அப்படி வரவில்லை.

நாங்கள் தாம்பரத்துக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு பெரியம்மாவின் தெருவிலேயே ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர் தாம்பரத்தில் இருந்த தன் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார். போன அப்பா நேரமாகிவிட்டதால் அங்கேயே தங்கிவிட்டார். விடியற்காலையில் கேம்ப் ரோட்டில் பனி இறங்கியிருந்ததாம், டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் ‘மங்கி குல்லா’ போட்டிருந்தார்களாம், நண்பரின் வீட்டில் போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்தார்களாம். கொட்டிவாக்கத்திலோ டிசம்பரில் கூட ஃபேன் இல்லாமல் தூங்க முடியாது, கழுத்தில் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாவிடம், “ஜெனி, தாம்பரத்துல வாயைத் தொறந்தா புகை வருதுடி” என்றார். அதற்கப்புறம் எத்தனையோ மார்கழி தாம்பரத்தில் இருந்துவிட்டேன், என் வாயிலிருந்து ஒரு நாளும் புகை வந்ததில்லை.

ஜனவரி முடிவதற்குள் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “மே மாசம் ஒரு தடவ போய் அங்க நின்னு பாத்துட்டு வந்து முடிவு பண்ணுங்களேன்.” அப்பா சிரித்தார். “மே மாசம் எங்கதான் வெயில் அடிக்கல?”

கடல் பக்கத்தில் இருந்தால் வெயிலும் குளிரும் அடங்கி இருக்கும், உள்ளே போகப் போக இரண்டும் தலைக்கேறும் என்று பிற்பாடு ஆறாம் வகுப்புப் பாடத்தில் படித்தேன். தண்ணீர் மெல்லச் சூடாகி மெல்ல ஆறும், மண் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான் சங்கதி. பாடப் புத்தகம் அதற்கு உதாரணமாக எங்கெங்கோ இருக்கிற ஊர்களைச் சொன்னது. ஒரே நகரத்துக்குள், ஒரே பஸ்ஸில் போய்விடுகிற தூரத்துக்குள் அது நடக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா மார்கழியில் கண்டு மயங்கின அந்தக் குளிரும் எங்களை மே மாதத்தில் வறுத்தெடுத்த வெயிலும் ஒன்றுக்கொன்று கூடப் பிறந்தவை. அப்பா ஒன்றைப் பெண் பார்த்துவிட்டு வந்தார், இரண்டும் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டன.

வீடு கட்டியதிலும் ஒரு கோளாறு. தெரு மேற்கே இருந்ததால் வாசல், வராந்தா, மூன்று பெரிய ஜன்னல்கள் எல்லாம் மேற்கே அமைந்தன. சாய்கிற வெயில் முழுவதும் நேரே கூடத்துக்குள் வந்து உட்காரும். கடல் இருக்கிற கிழக்கே வீட்டின் பின்புறம். அங்கே படுக்கையறையின் சுவர் மனையின் எல்லையிலேயே எழும்பியிருந்தது. அதற்கப்பால் யாரோ வெளிநாட்டில் இருப்பவரின் காலி மனை, முழுக்க சீமைக் கருவேலம். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும் என்று அம்மா சொன்னபோது மேஸ்திரி கையை விரித்தார். “இன்னா மேடம் நீங்க, நாளைக்கு பின்னாடி மனக்காரன் வந்து வூடு கட்டுனான்னா ஜன்னல தொறந்து இன்னாத்த பாப்பீங்க? அவன் வூட்டு செவுரத்தான் பாக்கணும்.” அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆக, கிழக்கே ஒரு துவாரம் கூட இல்லாமல் தளம் போட்டு முடித்தார்கள். அம்மா அதற்குக் ‘குருட்டுச் சுவர்’ என்று பெயர் வைத்தாள்.

குடி வந்த முதல் மார்கழியில் அப்பா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். அடுத்த கோடையில் அம்மா மாசமாக இருந்தாள்.

அதற்கு முன் ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், ஆனால் எல்லோரும் அம்மாவின் வயிற்றைப் பார்க்கிற பார்வையில் அது இருந்தது. ஏப்ரலில் பெரியம்மா டாக்சி எடுத்துக்கொண்டு வந்து, பிரசவம் வரைக்கும் தங்கையைத் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “சொந்த வீடு இருக்கும்போது எதுக்கு அங்க போய் இருக்கணும்?” என்றார். பெரியம்மா தான் கொண்டுவந்த நுங்கைக் கூட உரித்துக் கொடுக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து அம்மாவுக்கு லேசாக உதிரம் பட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, ஆட்டோ, கார் எதிலும் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவே போகச் சொல்லியிருந்தாலும் இனிமேல் போக முடியாது.

சரி, சுவரையாவது உடைத்து ஜன்னல் வைக்கலாமே என்றால் அதற்கும் தடை. மாசமாக இருக்கிற பெண் இருக்கும் வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது, கடப்பாரை போடக் கூடாது, ஆணி கூட அடிக்கக் கூடாது. நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம்தான், இருந்தாலும் இந்த விஷயத்தில் தெருவில் யாருக்கும் யாரும் இளைத்தவர்கள் இல்லை. எதிர்வீட்டு ஆயிஷா ஆன்ட்டி கூட, “எங்கள்லயும் அப்படித்தாம்மா, புள்ள பொறக்கற வரைக்கும் செவுத்துல கை வெக்க மாட்டோம்” என்றார். பிள்ளை வயிற்றில் இருப்பதால் அம்மாவால் காற்றிடம் போகவும் முடியவில்லை, காற்றை வீட்டுக்குள் விடவும் முடியவில்லை. அவளோடு சேர்த்து நானும் உள்ளே மாட்டிக்கொண்டேன். தண்ணீர் எடுத்துக் கொடுக்க, விசிற, யாராவது வந்தால் கதவைத் திறக்க ஒரு ஆள் வேண்டுமே. தெருப் பிள்ளைகள் சாயங்காலம் விளையாடுகிற சத்தம் கேட்கும்போது எனக்கு அழுகையாக வரும். பிறக்கப்போகிற குழந்தையின் மேல் எரிச்சலாகவும் வரும், அடுத்த நிமிடமே பயமாகவும் இருக்கும்.

படுக்கையறையில் தெற்கே ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் ஒரு சந்து, அதற்கப்பால் பக்கத்து வீட்டுச் சமையலறை. அவர்கள் தாளிப்பதெல்லாம் எங்களுக்கு வரும், காற்று மட்டும் வராது. மேலே தளம் காய்ந்து, அந்தச் சூட்டை ஃபேன் அள்ளி அம்மாவின் மேல் போடும். நான் மாடிக்குப் போய்த் தளத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன், கீழே இறங்குவதற்குள் அது காய்ந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் பெரியம்மா அந்த இரண்டு மணி ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். தங்கைக்குக் காற்றைத்தான் அனுப்ப முடியாது, காற்று கிளம்பிவிட்டது என்ற சேதியையாவது அனுப்பலாமே என்று நினைத்தாரோ என்னவோ. மணி அடித்து ஓய்ந்ததும் அம்மாவும் நானும் காற்றோடு புறப்படுவோம். “இனி பெருங்குடி. அப்புறம் பள்ளிக்கரணை தாண்டணும்” என்பாள் அம்மா. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அது கொஞ்சம் நிதானிக்கும் என்பது அவள் கணக்கு. தண்ணீரைப் பார்த்தால் அதற்குப் பிறந்த வீட்டு ஞாபகம் வந்துவிடுமாம். அப்புறம் மேடவாக்கம், சந்தோஷபுரம், ராஜகீழ்ப்பாக்கம். ஒவ்வொரு ஊருக்கும் அம்மா கொஞ்ச நேரம் கொடுப்பாள். நடுநடுவே என்னை வாசலுக்கு அனுப்புவாள். “கொடி திரும்புச்சான்னு பாரு.”

தெருமுனையில் ஏதோ ஒரு கட்சிக்காரர்கள் நட்டுவைத்த கொடிக்கம்பம் இருந்தது. காலையிலிருந்து மேல்காற்று அடித்துக்கொண்டிருப்பதால் கொடி கிழக்கே பார்த்துப் படபடக்கும். அந்தக் காற்று அனல், அது முகத்தில் பட்டாலே தோல் இழுக்கும். மதியம் தாண்டிக் கொடி துவண்டு கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு இலை ஆடாது. அப்போதுதான் உண்மையிலேயே மூச்சு முட்டும். பிறகு திடீரென்று கொடி ஒரு தரம் உதறிக்கொண்டு மேற்கே திரும்பும். நான், “திரும்பிடுச்சு!” என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடுவேன்.

மாடியில் கிடைக்கிற அந்த முதல் காற்றை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கும். கடலின் வாசனையெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோயிருக்கும், ஈரம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது போதும். ஆனால் அம்மாவால் மாடி ஏற முடியாது. கீழே காற்று அந்தக் குருட்டுச் சுவரில் வந்து மோதிவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அவள் பிறந்து வளர்ந்த கடலோரத்துக் காற்று, நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல். எனக்கு ஆத்திரமாக இருக்கும். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து மாடிக் கொடிக்கயிற்றில் போட்டு, காற்றில் நன்றாகக் குளிர்ந்ததும் சுருட்டிக்கொண்டு கீழே ஓடி வந்து அம்மாவின் நெற்றியில் போடுவேன். அம்மா அதை முகர்ந்து பார்ப்பாள். “கொஞ்சம் வந்துடுச்சு” என்பாள். இதுதான் நாங்கள் தினமும் செய்தது.

ஒரு நாள் மணி அடிக்கவில்லை.

கத்திரி உச்சத்தில் இருந்த சமயம் அது. பன்னிரண்டு தாண்டியது, ஒரு மணி தாண்டியது, தொலைபேசி சும்மா இருந்தது. அதற்குள் கரண்டும் போய்விட்டது. ஃபேன் நின்றதும் அறை சுருங்கினது போல இருந்தது. அம்மா விசிறியை என் கையிலிருந்து வாங்கி, “நீ போய் வராந்தாவுல உக்காரு, உனக்கும் வேர்க்குது பாரு” என்றாள். நான் போகவில்லை. வாசலுக்கு மட்டும் ஓடி ஓடிப் பார்த்தேன், கொடி கிழக்கேயே விறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் பொறுக்க முடியாமல் நானே கொட்டிவாக்கத்துக்குப் போன் செய்தேன். பெரியம்மா எடுத்ததும், “இங்கயும் இல்லடி. கரையில கூட மேல்காத்துதான் அடிக்குது. இன்னிக்கு வராது போல இருக்கு. அவ எப்படி இருக்கா?” என்றார். திரும்பிப் பார்த்தால் அம்மாவின் கையிலிருந்து விசிறி கீழே விழுந்திருந்தது. வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த முகம் வேர்க்காமல் காய்ந்து சிவந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை.

போனைக் கீழே வைத்தேனா இல்லையா என்று நினைவில்லை. எதிர்வீட்டுக்கு ஓடினேன். ஆயிஷா ஆன்ட்டி பிரிட்ஜில் இருந்த ஐஸ் தட்டுகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்தார். கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த, தெருவில் எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிற தன் கணவருக்கு, டாக்டரம்மாவை அழைத்துவரச் சொல்லிப் போன் செய்தார். போர்வையை நனைத்து அம்மாவின் மேல் போட்டு, அக்குளிலும் கழுத்திலும் ஐஸை வைத்து, “ஒண்ணுமில்லம்மா, கண்ணத் தொறங்க, ஒண்ணுமில்ல” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா ஒருவழியாகக் கண்ணைத் திறந்தாள். டாக்டரம்மா வந்து வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் வரை நான் என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். “துடிப்பு நல்லா இருக்கு” என்றார். அடுத்தபடியாக, “இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார்.

பல்லாவரத்திலிருந்து அப்பா வந்தபோது சாயங்கால வெளிச்சம் நன்றாகவே இருந்தது. சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கட்டிலருகே நின்று அம்மாவைப் பார்த்தார், என்ன பேசுவது என்று தெரியாமல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார். அம்மா சுவரைக் காட்டினாள்.

“இடிங்க.”

“மாசமா இருக்கும்போது எப்படி...”

“உள்ள இருக்கறதுக்கு மூச்சு முட்டுதுங்க. வர்ற பாவம் என் தலையில வரட்டும். இடிங்க.”

ஆயிஷா ஆன்ட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். போனில் விஷயம் கேட்ட பெரியம்மா, “வேணாம், வேணாம், கல்லு பட்டா குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்” என்று அழுதார். அப்பா நேரே வெளியே நடந்தார். எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, “பாய், ஒரு கடப்பாரை வேணும்” என்றார். அம்மாவை மெத்தையோடு நாலு பேராகத் தூக்கிக் கூடத்துக்கு மாற்றிப் படுக்கவைத்தோம். வீட்டில் ஒரு காலண்டர் ஆணி கூட அப்பா அடித்து நான் பார்த்ததில்லை. முதல் குத்தில் கடப்பாரை சுவரில் பட்டு வழுக்கித் தரையில் விழுந்தது. அடுத்ததில் பூச்சு பெயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பாய் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் ஒரு சுத்தியலோடு வந்துவிட்டார். “சார், ரொம்பப் பெரிசா போவாதீங்க, மேல தாங்காது” என்று அவர் சொல்லச் சொல்ல அப்பா குத்திக்கொண்டே இருந்தார். “மனக்காரரு கேட்டா இன்னா சொல்லுவீங்க?” என்று பாய் கேட்டதற்கு மட்டும் நிமிர்ந்து, “கேக்கட்டும், அப்ப பாத்துக்கலாம்” என்றார். முதல் செங்கல் அந்தப் பக்கமாகப் போய் முள்ளுக்குள் விழுந்தது. அந்த ஓட்டை வழியாக நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து கிழக்குத் திசையை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன்.

ஒரு பெரிய தட்டு அளவுக்குத் திறப்பு உண்டானதும் மேலே ஒரு பலகையைக் கொடுத்து நிறுத்தினார்கள். அப்பாவின் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துப் போயிருந்தன. காற்று அன்றைக்கு வரவே இல்லை.

மறுநாள் அப்பா ஆபீசுக்குப் போகவில்லை. அம்மாவைப் பழைய இடத்தில் படுக்கவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். காற்று வராமல் போனால் நாங்கள் செய்யக் கூடாததைச் செய்தது மட்டும்தான் மிஞ்சும். பன்னிரண்டு மணிக்கு மேல் தொலைபேசி அடித்தது, ஒன்று, இரண்டு, நின்றது. அம்மா வழக்கம்போலச் சொன்னாள். “கொட்டிவாக்கத்துக்கு வந்துடுச்சு.” அப்பாவுக்கு இந்த ஏற்பாடே அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் பெருங்குடி, பள்ளிக்கரணை என்று சொல்லிக்கொண்டு வந்ததை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மேடவாக்கம் வந்தபோது எழுந்துபோய் அவரே கொடியைப் பார்த்தார். “ராஜகீழ்ப்பாக்கம்” என்று அம்மா சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்து, ஓட்டையின் விளிம்பில் இருந்த செங்கல் தூள் லேசாகக் கலைந்தது. எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரின் கீழ்த்தாள் மேலே எழும்பிச் சுவரை ஒரு தட்டுத் தட்டியது. அம்மாவின் நெற்றி முடி ஆடியது. அம்மா அழுதாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கொப்பளத்தைப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் நின்றார்.

அதன் பிறகும் பயம் போகவில்லை. காற்று கிடைத்துவிட்டது, குழந்தை பிறக்கிற வரைக்கும் அதற்கு என்ன விலை என்று தெரியாது. நான் ஒவ்வொரு இரவும் ஜெபத்தில் குழந்தைக்குக் கை, கால், காது எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டேன். ஆடி பிறந்து கொஞ்ச நாளில் என் தம்பி டேனியல் பிறந்தான். பெரியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் துணியைப் பிரித்து அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்ததும், “கடப்பாரை போட்ட வீட்டுல பொறந்த புள்ளையப் பாரு” என்று அவன் கன்னத்தைக் கடித்தார். ஓட்டைக்குப் பிற்பாடு சட்டமும் கதவும் போட்டு ஒழுங்கான ஜன்னலாக ஆக்கினார்கள். ஆனால் அங்கே வீடு கட்டினது தப்பு என்று அப்பா ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு மார்கழியிலும் அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எங்கள் முன்னால் இரண்டு தரம் நடப்பார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். இந்த மே மாதம் தாம்பரம் போயிருந்தேன். பின்மனைக்காரர் வந்து பல வருடங்கள் ஆகின்றன. மேஸ்திரி சொன்னது அப்படியே பலித்து, ஜன்னலைத் திறந்தால் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சுவர் ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. தெருமுனைக் கொடிக்கம்பத்தைச் சாலை அகலப்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கரணையில் தண்ணீர் இருந்த இடங்களில் கட்டடங்கள் நிற்கின்றன. கூடத்து மூலையில் தொலைபேசி வைத்திருந்த மரப்பலகை மட்டும் சுவரில் இருக்கிறது, அதன்மேல் அப்பாவின் மாத்திரை டப்பா. அப்பாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலற்றுப்போனது. அதே அறையில், அதே கட்டிலில், அம்மா படுத்திருந்த மாதிரியே இடது பக்கமாக ஒருக்களித்துக் கிடக்கிறார்.

டேனியல் அப்பாவுக்காக ஏசி வாங்கி அனுப்பியிருந்தான். மாட்ட வந்தவர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னாக்கா இது, தொறந்தா செவுருதான் கீது. இத செங்கல் வெச்சு அடச்சிட்டா கூலிங் நிக்கும், மிசினையும் இங்கயே மாட்டிடலாம்” என்றார். சரியென்று அம்மாவே தலையை ஆட்டிவிட்டாள். கட்டிலிலிருந்து அப்பா இடது கையைத் தூக்கினார். பேச்சு இப்போது குழறும், இருந்தாலும் புரிந்தது. “ஜெனி, கொட்டிவாக்கத்துக்குப் போன் போடு. காத்து வந்துடுச்சான்னு கேளு.”

பெரியம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அம்மாவுக்குப் பதில் நானே செல்போனை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். “காத்தா? எனக்கெப்படிடி தெரியும்? ஏசி போட்டு எல்லாத்தையும் மூடிட்டுல்ல உக்காந்திருக்கேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடலோரத்தில் இருக்கிற ஒருவருக்கே காற்று வந்தது தெரியவில்லை என்றால் இனி யார் எங்களுக்கு மணி அடிப்பது? அதற்குள் பெரியம்மா, “இரு, தொறந்து பாக்கறேன்” என்றார். செருப்பு தேய்கிற சத்தம், தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டு மக்கர் பண்ணுகிற சத்தம், பிறகு பால்கனிக் கதவு திறந்ததும் போன் முழுவதும் கரகரவென்று ஒரே இரைச்சல். பெரியம்மா ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. காற்றுதான் பேசிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா ஏசிக்காரரிடம், “தம்பி, ஒரு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க” என்றாள். அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிரில்லைப் பைக்குள் போட்டார்.

பெருங்குடி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று அம்மா சொல்லிக்கொண்டு வந்தாள். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி எவ்வளவோ நேரமாகியும் ஜன்னலில் ஒன்றும் அசையவில்லை, காலண்டர் தாள் அப்படியே தொங்கியது. நான் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அங்கே, சுற்றிலும் எழும்பி நிற்கிற கட்டடங்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, கொஞ்சமாகக் காற்று வந்துகொண்டிருந்தது. துண்டு மேற்கே பார்த்து ஆடியது. குளிர்ந்ததும் சுருட்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தேன், அவள் அதை அப்பாவின் நெற்றியில் போட்டாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். பிறகு இடது கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, “மே மாசம்... ஒரு தடவ... வந்து பாத்திருக்கணும்” என்றார்.

அம்மா துண்டைத் திருப்பிப் போட்டாள்.

“மே மாசம் எங்கதான் வெயில் அடிக்கல?” என்றாள்.